தறிக்குழியிலிருந்து சாப்பாட்டு மேஜை வரை

போன மாதம் ஒரு நாள் காலை, மருமகள் மடிக்கணினியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா?" என்று கேட்டேன். "ஆபீசுக்கு வரச் சொல்லிட்டாங்க மாமா. அடுத்த மாசத்துல இருந்து வாரம் அஞ்சு நாளும்" என்றாள்.

அவள் அலுவலகம் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிறது. நாங்கள் இருப்பது மேற்குத் தாம்பரம். பேத்திக்கு இரண்டரை வயது. இதற்கு மேல் அவளும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று மதியம் தூக்கம் வரவில்லை. ஒரு பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நான் 1974-ல் வேலைக்குச் சேர்ந்து 2008-ல் ஓய்வு பெற்றவன். 34 வருடம். தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் வரை மின்சார ரயில், இரு பக்கமும் நடை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம். வருடத்துக்கு 275 நாள் என்று வைத்தால் மொத்தம் 23,375 மணி நேரம். அதை எட்டு மணி நேர வேலை நாட்களாக மாற்றினால் 2,900-க்கும் மேல். அதாவது நான் 34 வருடம் வேலை பார்ப்பதற்காக, பத்து வருடத்துக்கும் மேலான வேலை நேரத்தைச் சம்பளமில்லாமல் ரயிலுக்கும் நடைக்கும் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, வேலைக்குப் போவது என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க ஆரம்பித்தேன். ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் வேலைக்காக வீட்டைவிட்டு வெளியே போன முதல் ஆள் நான்தான்.

என் அப்பா காஞ்சிபுரத்தில் நெசவாளர். வீட்டுக்குள் நுழைந்தவுடன் தறிதான் கண்ணில் படும். தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி உட்கார்ந்து மிதிக்கும் குழித்தறி. வீட்டில் பாதி இடத்தை அது எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருக்கும் பாதியில்தான் நாங்கள் சாப்பிட்டோம், படித்தோம், படுத்தோம். விடியற்காலையில் பாவு போடத் தெருவுக்கு வந்தால் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்துதான் இழுத்துப் பிடிப்பார்கள். தெருவே பணிமனை.

அப்பா வேலைக்குப் போகவில்லை, வேலையில் உட்கார்ந்தார். பசித்தால் எழுந்து சாப்பிட்டார். எனக்குக் காய்ச்சல் வந்தால் தறியில் இருந்தபடியே, "கஞ்சி குடிச்சானா?" என்று கேட்பார். அம்மா ராட்டினத்தில் தார் சுற்றிக் கொடுப்பாள். கோர்வைச் சேலை நெய்தால் கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கை என்னுடையது. கூலி சேலைக்கு இவ்வளவு என்று அப்பா கையில் வரும். அம்மா சுற்றிய தாருக்கும் நான் தள்ளிய நாடாவுக்கும் தனிக்கூலி கிடையாது. இதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்றால் எல்லாம் இனிமை என்று நான் சொல்ல வரவில்லை.

நம் ஊரில் மட்டுமல்ல, உலகம் முழுக்கவே பெரும்பாலான கைத்தொழில்கள் வீட்டில்தான் நடந்தன. குயவர் வீட்டிலேயே சக்கரம், தட்டார் வீட்டிலேயே உலை. வீட்டையும் வேலையையும் பிரித்தது இயந்திரம். நீராவியில் ஓடும் தறியை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. இயந்திரம் இருக்கும் இடத்துக்கு மனிதன் போக வேண்டியதாயிற்று.

சென்னையில் இது பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளோடு பெரிதாக வந்தது. சங்கு ஊதினால் வாசலில் இருக்க வேண்டும். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். மதியச் சாப்பாட்டு இடைவேளையை நீட்டிக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று. பசித்தபோது எழுந்து சாப்பிட்ட மனிதனின் பேரன், சாப்பிடும் நேரத்துக்காகச் சங்கம் வைக்க வேண்டி வந்தது.

சட்டங்களும் மெதுவாக வந்தன. 1911-ஆம் வருடச் சட்டம் துணி ஆலைகளில் ஆண்களின் வேலை நேரத்தை 12 மணியாகக் கட்டுப்படுத்தியது. 1922-ல் அது 11 ஆயிற்று, 1934-ல் 10. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தில் நாளைக்கு 9, வாரத்துக்கு 48. இவை எல்லாமே வாசலுக்குள் நுழைந்த பிறகு ஓடும் கடிகாரம். வாசலுக்கு வந்து சேர ஆகும் நேரத்தை அந்தச் சட்டங்கள் எண்ணவில்லை. ஆலைக்குப் பக்கத்திலேயே ஆட்கள் குடியிருந்த காலத்தில் அது பெரிய விஷயமாக இருந்திருக்காது. தூரம் கூடக் கூடத்தான் அது பெரிதாயிற்று.

தூரத்தைக் கூட்டியது ரயில். 1931 மே 11 அன்று சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. மீட்டர் கேஜ் பாதை. மாம்பலம், பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் ஆபீஸ் குமாஸ்தாக்களின் ஊர்களாக மாறியது இதற்குப் பிறகுதான். பட்டணத்தில் வாடகை கொடுக்க முடியாதவனுக்கு இது பெரிய வரப்பிரசாதம். சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் தோட்டம் வைத்த வீட்டில் இருந்துகொண்டு பாரிமுனையில் வேலை பார்க்கலாம். அந்த வசதிக்கு விலையாகக் கொடுத்தது நேரம். அது சீசன் டிக்கெட்டில் அச்சடிக்கப்படவில்லை.

அந்த ரயிலைப் பற்றி நான் குறை மட்டுமே சொன்னால் நன்றி கெட்டவன் ஆவேன். உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். தினமும் அதே பெட்டி, அதே முகங்கள். சைதாப்பேட்டை தாண்டினால் சீட்டாட்டம் சூடு பிடிக்கும். எழும்பூர் வருவதற்குள் ஒருவர் செய்தித்தாளை முழுக்க வாசித்து முடித்து நமக்கும் சொல்லிவிடுவார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் ரயில் சிநேகிதத்தில்தான். 2004 ஜூலை 1-ஆம் தேதியோடு மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை.

ஆனால் அந்த ரயிலில் எல்லோராலும் ஏற முடியவில்லை. அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

என் மனைவி 1978-ல் கல்யாணம் ஆகி வரும்போது எழும்பூரில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தாள். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் ஹையர் தேறியவள், சுருக்கெழுத்தும் தெரியும். இருவரும் ஒரே ரயிலில் போவோம். அவள் பெண்கள் பெட்டி, நான் அடுத்த பெட்டி. 1980-ல் பையன் பிறந்தான். பேறுகால விடுப்பு முடிந்ததும் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. அவளுக்குத் தாயார் இல்லை. என் அம்மா வரலாம் என்றால், அம்மா வந்துவிட்டால் அப்பாவுக்குத் தார் சுற்ற ஆளில்லை. தறி நின்றுவிடும். காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு ஏழு மணிக்குத் திரும்பும் வேலைக்கும், பால் குடிக்கும் குழந்தைக்கும் நடுவில் 24 கிலோமீட்டர் பாதை இருந்தது.

1981-ல் அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். அதையும் அவளே தட்டச்சு செய்தாள்.

நான் அப்போது என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. யார் வேலையை விடுவது என்று எங்கள் வீட்டில் பேச்சே வரவில்லை. அது ஏற்கெனவே முடிவான விஷயம் போல இருந்தது.

அடுத்த வருடம் ஒரு பழைய ரெமிங்டன் தட்டச்சு இயந்திரம் வாங்கினோம். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளைப் பக்கத்துக்கு இவ்வளவு என்று அடித்துக் கொடுப்பாள். நாலு கார்பன் வைத்து அடித்தால் விரல் வலிக்கும். பையனைத் தூங்க வைத்த பிறகு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் உட்காருவாள். அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவன், சத்தம் நின்றால் விழித்துக்கொள்வான். பதினைந்து வருடம் அப்படி அடித்தாள், கம்ப்யூட்டர் வந்து அந்த வேலையை எடுத்துக்கொள்ளும் வரை.

அதே காலத்தில், அதற்கும் முன்பே, இங்கிலாந்தில் ஒரு பெண்மணி இதே கேள்விக்கு வேறு விடை கண்டுபிடித்திருந்தார் என்பது எனக்குச் சமீபத்தில்தான் தெரியும். ஸ்டெஃபனி ஷெர்லி என்று பெயர். 1933-ல் ஜெர்மனியில் பிறந்தவர். யூதக் குடும்பம். 1939-ல் ஹிட்லரிடமிருந்து தப்ப, ஐந்து வயதில், அக்காவோடு குழந்தைகளுக்கான ரயிலில் ஏறி இங்கிலாந்து வந்து சேர்ந்தார். பெரியவளாகி, தபால் துறையின் ஆராய்ச்சி நிலையத்தில் கணினி வேலை கற்றுக்கொண்டார். பெண் என்பதால் ஓரளவுக்கு மேல் உயர முடியவில்லை. 1962-ல் ஆறு பவுண்டு முதலீட்டில், தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். மென்பொருள் எழுதி விற்பது தொழில். வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் கல்யாணம், குழந்தை காரணமாக வேலையை விட்டுவிட்ட பெண்களை.

யாரிடமும் வீட்டில் கணினி இல்லை. அன்றைக்குக் கணினி என்பது ஓர் அறையையே நிறைக்கும் இயந்திரம். அந்தப் பெண்கள் பென்சிலால் தாளில் நிரல் எழுதினார்கள். அதைப் பிறகு துளையிட்ட அட்டைகளாக்கி இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள். தேவைப்பட்டது மூளை, தாள், ஒரு தொலைபேசி. முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். ஒலியை விட வேகமாகப் பறந்த கன்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியதும் இவர்களில் ஒரு குழுதான், அவரவர் வீட்டிலிருந்து.

வாடிக்கையாளருக்கு ஸ்டெஃபனி என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினால் பதில் வரவில்லையாம். ஸ்டீவ் என்று போட ஆரம்பித்ததும் பதில் வந்தது. தொலைபேசியில் பேசும்போது குழந்தை அழுதால் வெளியே தெரியாமல் இருக்க, தட்டச்சு அடிக்கும் சத்தத்தை ஒலிநாடாவில் பதிவு செய்து பின்னணியில் ஓட விடுவாராம். இதைப் படித்தபோது மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நம்ம வீட்டுல அசல் சத்தமே இருந்ததே" என்றாள்.

1975-ல் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் இங்கிலாந்தில் வந்தபோது, பெண்களுக்கு மட்டும் என்று இருந்த கம்பெனி ஆண்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. பங்குகளில் ஒரு பகுதியைத் தன் ஊழியர்களுக்கே கொடுத்தார். அவர்களில் 70 பேர் லட்சாதிபதிகளாக, நம் கணக்கில் கோடீஸ்வரர்களாக, ஆனார்கள். 2025 ஆகஸ்டில், 91-ஆம் வயதில் ஷெர்லி காலமானார்.

அங்கே வேலை செய்தவர்களுக்கும் என் மனைவிக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவர்கள் செய்தது ஒரு நிறுவனத்தின் வேலை. இவள் செய்தது உதிரி வேலை. இன்று முதல் தேதி எனக்கு ஓய்வூதியம் வருகிறது. அவளுக்கு வருவதில்லை.

வீட்டிலிருந்து வேலை என்பதற்கு ஒரு பெயர் சூட்டியவர் அமெரிக்காவின் ஜாக் நில்ஸ். விண்வெளித் துறைக்கு வேலை செய்த இயற்பியலாளர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் போக்குவரத்து நெரிசலைப் பார்த்துவிட்டு, மனிதனை நிலவுக்கு அனுப்ப முடிகிறபோது இந்த நெரிசலுக்கு ஏன் வழியில்லை என்ற கேள்வியில் இறங்கினார். 1973-ல் 'டெலிகம்யூட்டிங்' என்ற சொல்லை உருவாக்கினார். அந்த வருடம்தான் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, பெட்ரோல் விலை உலகம் முழுக்க ஏறியது. மனிதனைக் காகிதம் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போவதற்குப் பதில், வேலையைக் கம்பி வழியாக மனிதனிடம் அனுப்பலாம் என்பது அவர் சொன்னது. சொன்னது சரி என்று பலரும் ஒப்புக்கொண்டார்கள். பெரிதாக யாரும் செய்யவில்லை. கண் முன்னால் உட்கார்ந்திருப்பவன்தான் வேலை செய்கிறான் என்ற எண்ணம் ஆலைச் சங்கோடு வந்தது. அது இன்னும் போகவில்லை.

இந்த இடத்தில் பீடி சுற்றும் பெண்களை மறந்துவிடக் கூடாது. திருநெல்வேலிப் பக்கமும் வேலூர்ப் பக்கமும் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, திண்ணையில் பேசிக்கொண்டே விரல் ஓடும். அதுவும் வீட்டிலிருந்து செய்யும் வேலைதான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி. இலை சரியில்லை என்று கழிப்பதும், தூளின் அளவைக் குறைப்பதும், நெடியால் வரும் இருமலும் அவர்கள் தலையில். 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் சுற்றுகிறவர்களையும் தொழிலாளர் என்று ஏற்றுக்கொண்டது. 1996-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலையாட்களுக்கென்றே 177-ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதில் கையெழுத்திடவில்லை. வீட்டில் இருப்பதால் வேலை இனிமையாகிவிடாது. வெளியே போய்ச் செய்பவனுக்கு உள்ள கூலியும் உரிமையும் வீட்டில் செய்பவளுக்கும் இருந்தால்தான் அது நன்மை.

நம் நாட்டுச் சட்டம் இந்தத் திசையில் ஓர் அடி எடுத்து வைத்தது 2017-ல். பேறுகால நலச் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக்கினார்கள். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பிறகும் வீட்டிலிருந்தே வேலை செய்ய முதலாளியும் ஊழியரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்றும் அதில் எழுதினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றார்கள். 36 வருடம் முன்பு அப்படி ஒரு வரி இருந்திருந்தால் எங்கள் வீட்டுக் கதை வேறாக இருந்திருக்கும்.

பிறகு 2020 மார்ச் வந்தது. ரயில்கள் நின்றன. 1931-லிருந்து கேட்ட சத்தம் தாம்பரத்தில் கேட்கவில்லை. 25-ஆம் தேதி ஊரடங்கு. முடியவே முடியாது என்று சொல்லி வந்த வேலைகள் ஒரே வாரத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அதுவரை தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் அழைப்பு மையம் போன்ற தொழில்களில் வீட்டிலிருந்து வேலை செய்வதற்குப் பல நிபந்தனைகள் வைத்திருந்தன. மார்ச்சில் தற்காலிகமாகத் தளர்த்தி, நவம்பரில் நிரந்தரமாகவே எளிதாக்கினார்கள். எங்கள் சாப்பாட்டு மேஜை மருமகளின் அலுவலகம் ஆயிற்று.

ஐந்து வருடமாக அதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். சாலையில் போகும் இரண்டரை மணி நேரத்தில் அவள் தூங்குகிறாள். கூட்டம் இல்லாத மதியத்தில் சாதம் சூடாகச் சாப்பிடுகிறாள். பேத்தி பிறந்து, விடுப்பு முடிந்து, வேலையை விடாமல் தொடர்ந்தாள். நடுவில் ஒரு பதவி உயர்வும் வந்தது. குழந்தை அழுதால் மறைப்பதற்கு ஒலிநாடா தேவையில்லை. ஒருமுறை மேலதிகாரியே திரையில் கையை ஆட்டிச் சிரிப்புக் காட்டினார். இன்னொரு பக்கமும் உண்டு. ராத்திரி பத்து மணிக்கும் அழைப்பு வரும். வீட்டில்தானே இருக்கிறாள் என்று கூரியர்காரனிலிருந்து நான் வரை எல்லோரும் அவளைக் கூப்பிடுகிறோம். அதைத் திருத்திக்கொள்ள வேண்டியது நாங்கள்தான்.

பயணச் செலவு மிச்சம், பெட்ரோல் மிச்சம், புகை குறைவு என்று பத்திரிகைகளில் நன்மைகளைப் பட்டியல் போடுகிறார்கள். எல்லாம் உண்மைதான். எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்று. வேலையை விட்டிருக்க வேண்டிய ஒருத்தி விடாமல் இருக்கிறாள்.

போன வாரம் ராத்திரி சாப்பிடும்போது மகன், "அவளுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தா கொஞ்ச நாள் வேலையை விட்டுட்டு இருக்கட்டுமே" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ விடேன்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகன், "நான் வாரத்துல ரெண்டு நாள் வீட்டிலிருந்து பார்க்க முடியுமான்னு கேட்டுப் பார்க்கிறேன்" என்றான். மற்ற மூன்று நாளை நாங்கள் இருவரும் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். எனக்கு 75, அவளுக்கு 71. இரண்டரை வயதின் பின்னால் ஓட முடியுமா என்று தெரியவில்லை. சட்டத்தில் பேறுகாலம் பற்றி உள்ள அந்த வரியைக் காட்டி ஒரு விண்ணப்பம் எழுதும்படி மருமகளிடமும் சொல்லியிருக்கிறேன். எழுதிவிட்டாள். மாமியார்தான் ஒருமுறை வாசித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினாள்.

பதில் இன்னும் வரவில்லை.